எதற்கு ஓடினேன்

ஜூன் 19, புதன்

அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்கு இந்த வாரம் மில்லில் நைட் ஷிப்ட். வீட்டில் நான் மட்டும்தான். அம்மா இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடுராத்திரியில் இந்த நேரத்துக்கு எப்படியும் எழுந்துவிடுகிறேன். எழுந்து வேலையை முடித்தபிறகு தூக்கம் வருவதில்லை. என்ன வேலை என்று இன்றைக்கு எழுதப் போவதில்லை.

சாயங்காலம் தவமணி மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். என் கேஸ் விஷயமெல்லாம் அவர்தான் பார்க்கிறார். செருப்பைக் கழற்றும்போதே, "பஞ்சவர்ணம், மதுரையில ஆப்பு வச்சுட்டாங்க," என்று அம்மாவிடம் சொன்னார்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது நான் போன ஷேர் ஆட்டோ மீது லோடு வேன் மோதியது. இடது தொடையும் இடுப்பெலும்பும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திண்டுக்கல் கோர்ட்டில் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. எனக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை பணம் பேங்கில் இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி ஒத்துக்கொள்ளாமல் மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனது. இடது காலில் நாற்பத்தைந்து சதவீதம் ஊனம் என்று என் சான்றிதழில் இருக்கிறது. அதைத்தான் ஜட்ஜ் நம்பவில்லையாம்.

"வைத்தியம் பாத்த டாக்டரு ஒருத்தரு, சர்ட்டிபிகேட் கொடுத்த டாக்டரு இன்னொருத்தரு. இது என்ன கணக்குன்னு கேட்டாராம்."

"கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்ண்ணே."

"கேட்டுட்டு சும்மா போறதுக்கு அவரு என்ன கண்டக்டரா? கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில போர்டு முன்னாடி நிறுத்தச் சொல்லிட்டாரு. மூணு டாக்டர் சேந்து பாப்பாங்களாம்."

அம்மா என் காலைப் பார்த்தாள். மாமாவும் பார்த்தார். நான் பாவாடையை இழுத்து மூடிக்கொண்டேன்.

என் இடது கால் நன்றாக இருக்கிறது.


ஜூன் 23, ஞாயிறு

கதவைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு மாமா என்னை நடக்க வைத்தார். சுவரிலிருந்து பீரோ வரை, பீரோவிலிருந்து சுவர் வரை.

"இழுக்கணும்த்தா. நீ நொண்டி விளையாடுற மாதிரி தூக்கித் தூக்கிப் போற. இங்க பாரு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே நடந்து காட்டினார். தொப்பை ஒரு பக்கம் போக, கால் இன்னொரு பக்கம் வந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணே, உனக்கே கொடுத்திருக்கலாம் நாப்பத்தஞ்சு," என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் நான் அவசரமாகக் கொல்லைப்பக்கம் ஓட வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அம்மா சிரிக்கவில்லை.

பிறகு திண்டுக்கல் வக்கீலின் குமாஸ்தா சேது அண்ணன் போனில் ஒரு வழி சொன்னார். அவரிடம் வருகிற எல்லோருக்கும் அதைத்தான் சொல்வாராம். செருப்புக்குள் குதிகாலுக்கு அடியில் ஒரு சின்னக் கல்லைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊன்றினால் குத்தும். தானாகவே கால் இழுக்கும். நடிக்கத் தேவையில்லை.

மாமா வாசலில் போய்க் கல் தேடினார். மூன்று நான்கு எடுத்து வந்து, கத்தரிக்காய் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.


ஜூலை 1, திங்கள்

என் பக்கத்தில் உட்காரும் அபிதா இன்று இடம் மாறி முன்பெஞ்சுக்குப் போய்விட்டாள். "உன் பவுடர் வாசம் தலைவலிக்குதுடி தாரணி, தப்பா நெனைக்காத," என்றாள். பவுடர் மட்டும்தான் அவளுக்கு மணக்கிறது என்று நம்புவதுபோல நானும் தலையாட்டினேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பக்கத்து வீட்டு ஜோதி அக்கா மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்து அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன பஞ்சவர்ணம், உன் மகளுக்கு மாசத்துல முப்பது நாளுமா?"

"வயசுப்புள்ள. முறையில்லாமத்தான் வரும். உன் மகளுக்கு வர்றப்ப பாரு," என்றாள் அம்மா. உள்ளே வந்ததும் பாத்திரத்தை ஒவ்வொன்றாக ஓசையோடு வைத்தாள்.

எழுதிப் பார்க்கிறேன்.

விபத்துக்குப் பிறகு எனக்குச் சிறுநீர் நிற்பதில்லை. வருகிறது என்று தெரிந்தால் ஓடவேண்டும். ஓடிப் போவதற்குள் பாதி வந்துவிடும். தூக்கத்தில் தெரிவதே இல்லை. மடித்த துணி வைத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. இரவில் எழுந்து செய்கிற வேலை படுக்கைத் துணியை அலசிப் போடுவது.

ஆஸ்பத்திரியில் சிறுநீர் டியூப்பை எடுத்தபோதே அப்படித்தான் இருந்தது. நாளாக ஆகச் சரியாகும் என்று நர்ஸ் சொன்னார். ஆகவில்லை. அம்மா என்னைத் திரும்ப அழைத்துப் போகவில்லை. "பொட்டப்புள்ளடி. சீட்டுல எழுதிப்புட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள். பாலக்காட்டில் பேக்கரியில் வேலை பார்க்கும் அப்பாவுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது என் கால் மட்டும்.

கேஸ் போடுகிற அன்று சேது அண்ணன் பேப்பரைப் புரட்டிவிட்டு, "கால் கூடிருச்சே அக்கா, இதுக்குப் பெருசா வராதே. வேற எதுவும் இருக்கா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "கால்தான் தம்பி," என்றாள் அம்மா. "அப்ப காலையே கொஞ்சம் பெருசாக்கிருவோம்," என்று அவர் சிரித்தார். மறுநாள், அதற்குமுன் என்னைப் பார்த்தே இராத ஒரு எலும்பு டாக்டர், முழங்காலை ஒருமுறை மடக்கி நீட்டிவிட்டு நாற்பத்தைந்து என்று எழுதினார்.

பணம் கைக்கு வந்ததும் சென்னைக்குப் போய், நம்மைத் தெரியாத ஆஸ்பத்திரியில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது அம்மாவின் திட்டம். சொல்ல முடியாத நோய்க்கு மருந்து வாங்க, இல்லாத நோயைச் சொல்லியிருக்கிறோம். அப்பீலில் தோற்றால் பணம் போய்விடும். சென்னையும் போய்விடும்.

இதை எழுதிய பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழித்தால் எங்கே போடுவது?


ஜூலை 18, வியாழன்

போர்டு.

பஸ்ஸில் இறங்கியதிலிருந்து கல் குத்திக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழகாக நொண்டினேன். ஒரு பாட்டி எழுந்து இடம் கொடுத்தார். அந்த இடத்தில் உட்காராமலும் இருக்க முடியவில்லை.

உள்ளே இரண்டு ஆண் டாக்டர்களும் ஒரு பெண் டாக்டரும் இருந்தார்கள். தலை நரைத்த டாக்டர், "செருப்பைக் கழட்டிட்டு நடம்மா," என்றார்.

இதை யாரும் யோசிக்கவில்லை. மாமா இல்லை, சேது அண்ணன் இல்லை, நான்கூட இல்லை. செருப்பை மெதுவாகக் கழற்றினேன். கல் சிமெண்ட் தரையில் உருண்டு மேஜைக்கடியில் போனது. அவர் அதைப் பார்த்தார்.

சுவர்வரை இடது காலை இழுத்து நடந்தேன். "இப்ப திரும்பி வா." திரும்பியதும் குழம்பிவிட்டது. கல் இல்லாமல் எந்தக் கால் என்று காலுக்கே தெரியவில்லை. பாதிவழி வந்தபிறகுதான் வலது காலை இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

"பரவால்ல, உக்காரு," என்றார். டேப்பால் இரண்டு தொடையையும் அளந்தார். முழங்காலை மடக்கினார். ஒரு தடவைகூடக் கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெண் டாக்டர் பழைய ஆஸ்பத்திரிப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடுப்பெலும்பும் உடைஞ்சிருக்கே. வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா பாப்பா? பாத்ரூம் போறதெல்லாம்?"

என் வாய் திறந்தது. அது திறந்ததை நான் உணர்ந்தேன்.

"ஒன்னுமில்லங்கம்மா. கால்தான்," என்றாள் அம்மா.


ஜூலை 19, வெள்ளி

வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகவில்லை.


ஆகஸ்ட் 5, திங்கள்

மதுரையில் எங்களுக்கு ஆஜராகும் வக்கீல் காந்திமதியைப் பார்க்கப் போனோம். அம்மா அவரை வக்கீலம்மா என்பாள். சின்ன ஆபீஸ். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் முனகியது.

போர்டு அறிக்கை வந்துவிட்டது. காலில் ஆறு சதவீதம். நொண்டுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்று தனி வரியாக எழுதியிருக்கிறார்கள்.

"இது பரவால்ல, ரெண்டு டாக்டர் ரெண்டு மாதிரி சொல்றாங்கன்னு வாதாடலாம்," என்றார் வக்கீலம்மா. "இதுக்கு என்ன பண்றது?" கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்பினார்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட். பஸ் நிற்பதற்குள் நான் குதிக்கிறேன். புத்தகப்பை முதுகில் எகிறுகிறது. சாக்கடையைத் தாண்டுகிறேன். கொய்யாப்பழ வண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஓடுகிறேன். நான் இவ்வளவு வேகமாக ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. கடைகளுக்குப் பின்னால் மறைந்ததும் படம் முடிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள் டீக்கடையில் நின்று எடுத்தாராம்.

கடைகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கட்டணக் கழிப்பறை. மதுரையில் யாருக்குத் தெரியும்?

"ஜட்ஜ் தாரணியை நேர்ல கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார்," என்றார் வக்கீலம்மா. மாமா ஏதோ விளக்க வாயெடுத்தார். "சார், நான் கேக்காத எதையும் எங்கிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சுக்கிட்டா என்னால வாதாட முடியாது," என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா பாடம் எடுத்தார். "பஸ்ஸப் பிடிக்க ஓடுனேன்னு சொல்லு. அன்னிக்கு வலி மாத்திரை போட்டிருந்தேன்னு சொல்லு. சாயங்காலம் கால் வீங்கிருச்சுன்னு சொல்லு."

"பஸ்ஸுல இருந்து இறங்கித்தான மாமா ஓடுறேன்?"

"இன்னொரு பஸ்ஸுத்தா. உலகத்துல ஒரு பஸ்ஸுதானா இருக்கு?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் எதற்கு ஓடினேன் என்று அந்த பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.


ஆகஸ்ட் 13, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். நாளைக்கு எனக்கே மறக்கத் தோன்றும்.

காலையிலிருந்து கோர்ட் வராந்தாவில் காத்திருந்தோம். மத்தியானத்துக்குப் பிறகு நான் மறுபடி கழிப்பறைக்குக் கிளம்பினேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன தடவடி? இப்பக் கூப்பிட்டுருவாங்க. அடக்கிக்க." அடக்கிக்கொள் என்று அம்மாவே சொன்னாள்.

கூப்பிட்டார்கள். கருப்பு அங்கிகளுக்கு நடுவில் போய் நின்றேன். கம்பெனி வக்கீல் வீடியோவைத் திரையில் போட்டார். கைப்பேசியில் பார்த்ததைவிட நான் பெரியதாக இருந்தேன். பின்னால் யாரோ, "ஸ்டேட் லெவல் போகலாம்யா," என்றது கேட்டது.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "இது நீதானாம்மா?"

"ஆமாங்கய்யா."

"கால்ல நாற்பத்தஞ்சு சதவீதம் ஊனம்னு ஒரு சர்ட்டிபிகேட் இருக்கு. நீ இப்படி ஓடுற. எந்த பஸ்ஸப் பிடிக்க ஓடுற?"

சிரித்தார்கள். மாமா பின்னால் இருமினார். பஸ், மாத்திரை, வீக்கம் என்று மூன்றும் எனக்கு வரிசையாக நினைவிருந்தன. சொல்லத்தான் இருந்தேன். அப்போதுதான் வந்தது. கால்களை நெருக்கிக்கொண்டேன்.

"ஐயா, நான் ஒன்னுக்குப் போகணும்."

ஹால் முழுக்கச் சிரித்தது. ஜட்ஜுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போம்மா."

"அதான் பதிலுங்கய்யா. அதுக்குத்தான் ஓடுனேன். அடிபட்டதுல இருந்து எனக்கு நிக்காது. இப்பவும் நிக்காது."

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. முன்வரிசையில் முதலில் நின்றது. பின்னால் ஒருவர் மட்டும் காதில் விழாமல் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போம்மா. போயிட்டு வா," என்றார் ஜட்ஜ்.

ஓடினேன். கோர்ட்டுக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, இரண்டு நல்ல கால்களோடு. வராந்தா வரைக்கும்தான் முடிந்தது. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டபோது அதற்கு மேல் அங்கே செய்ய ஒன்றும் இல்லை. செத்துப்போகலாம் போல இருந்தது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

வக்கீலம்மா வந்து கதவைத் தட்டினார். மேலே போட்டிருந்த கருப்பு அங்கியைக் கழற்றி இடுக்கு வழியாகக் கொடுத்தார். "இடுப்புல சுத்திக்க." நான் மாட்டேன் என்றேன். "துவைச்சாப் போயிரும்டி, கட்டு," என்றார்.

ஜட்ஜ் தன் அறைக்கு வரச் சொன்னாராம். அங்கே இரண்டு வக்கீல்களும் அம்மாவும் நானும் மட்டும். வக்கீலம்மா அங்கியில்லாமல் நின்று பேசினார். ஜட்ஜ் அவரையும் பார்த்தார், என் இடுப்பையும் பார்த்தார்.

கம்பெனி வக்கீல் சத்தம் போடாமல்தான் பேசினார். "கால் பொய்னு ஆனதும் இது வருது. மூணு வருஷத்துல இதுக்கு ஒரு மருத்துவச் சீட்டுகூட இல்ல. மனுவுல ஒரு வார்த்தை இல்ல. பிறவியிலயே இருந்திருக்கலாம், போன மாசம் வந்திருக்கலாம்." அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

ஜட்ஜ் அம்மாவிடம் கேட்டார். "எப்ப இருந்து இப்படி இருக்கு?"

அம்மா சேலை முந்தானையை விரலில் சுற்றினாள். "எனக்குத் தெரியாதுங்கய்யா. இவ எங்கிட்ட சொன்னதே இல்ல."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.

"நொண்டி நடக்க யாரு சொல்லிக் கொடுத்தா?" இது என்னிடம்.

"யாரும் இல்லைங்கய்யா. நானாத்தான்."

அவர் மறுபடி கேட்கவில்லை. சிறுநீர்ப் பிரிவு டாக்டரையும் சேர்த்து மறுபடி போர்டு பார்க்க வேண்டும், இது விபத்தால் வந்ததா என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா, "இன்னைக்கு உண்மை சொன்ன பாரு, அது போதும்," என்று தோளைத் தட்டினார். அதே அறையில் நான் சொன்ன பொய் அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.


ஆகஸ்ட் 14, புதன்

அம்மா என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.


ஆகஸ்ட் 21, புதன்

ஜோதி அக்கா இன்று மதில் பக்கம் வரவில்லை. தெருவில் தெரிந்துவிட்டது. மாமா யாரிடமாவது புலம்பியிருப்பார். கடையில் தேங்காய் வாங்கும்போது இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் தேங்காயைத் தட்டிப் பார்க்காமலே வாங்கி வந்தேன். அழுகல்.

வக்கீலம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா கேட்கட்டும் என்றுதான். "எப்ப ஆரம்பிச்சுதுன்னு கூட இருந்தவங்க சொல்லணும் தாரணி. இல்லன்னா விபத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு கம்பெனி சொல்லும். நீ மட்டும் சொன்னாப் பத்தாது. நீ ஏற்கெனவே..." அதோடு நிறுத்திவிட்டார்.

ஏற்கெனவே பொய் சொன்னவள். முடிக்காமல் விட்டாலும் கேட்கிறது.

அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"எல்லாரும் சேந்து என்னத்தான சொல்றீங்க," என்றாள் கடைசியில். "கோர்ட்டுல அம்புட்டுப் பேரு முன்னாடி நீ போட்டு உடைச்சுட்ட. நானும் வந்து உடைக்கணுமா?"

"அடக்கிக்கன்னு சொன்னியேம்மா. அடங்கலம்மா."

அம்மா ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.


ஆகஸ்ட் 27, செவ்வாய்

மறுபடி போர்டு. இந்தமுறை செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. நானாகவே வாசலில் விட்டுவிட்டுப் போனேன்.

பரிசோதனையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். "இருமும்மா," என்றார் பெண் டாக்டர். இருமினேன். அவ்வளவுதான். அந்த அறையில் அது நடப்பதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு டாக்டர் எண்களைச் சொன்னார், இன்னொருவர் எழுதினார். மூன்று வருடமாக நான் ஒளித்துவைத்தது இவர்களுக்கு எண்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

பிறகு அம்மாவை உள்ளே அழைத்தார்கள்.

"சிறுநீர்ப்பையோட கழுத்துப் பக்கம் கிழிஞ்சு, சரியா ஆறாம இருக்கு," என்றார் சிறுநீர்ப் பிரிவு டாக்டர். "ஆபரேஷன் பண்ணலாம். முழுசா சரியாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இப்ப இருக்கறதுக்கு நல்லா ஆகும். அப்பவே வந்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும்."

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"டியூப் போட்டிருந்தது பழைய பேப்பர்ல இருக்கு. எடுத்த பிறகு எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் எழுதல. அதச் சொன்னாத்தான் விபத்தால வந்ததுன்னு நாங்க உறுதியா எழுத முடியும். எப்ப ஆரம்பிச்சுதும்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். சேது அண்ணன் கேட்டபோது பார்த்த அதே பார்வை. அன்று நான் தரையைப் பார்த்தேன். இன்று பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

"டியூப் எடுத்த அன்னைக்கே டாக்டர்," என்றாள் அம்மா. "கட்டிலு நனைஞ்சிருச்சு. நான்தான் அந்த விரிப்ப மாத்துனேன். அதுக்கு முன்னாடி எம்மகளுக்கு அப்படி இருந்ததே இல்ல. மூணு வயசுலயே சொல்லிட்டுப் போவா. அன்னைல இருந்து தெனமும். எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். ஜட்ஜய்யாகிட்ட தெரியாதுன்னு சொன்னேன். அது பொய்யி."

"ஏன் யாருகிட்டயும் காட்டல?"

அம்மா யோசித்தாள். ஏதோ சாக்கு தேடுகிறாள் என்று நினைத்தேன். தேடவில்லை.

"காட்டுனா எழுதுவாங்க டாக்டர். எழுதுனா அது நெலைச்சுப் போயிரும்னு நெனச்சேன்."

டாக்டர் எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டாள். பஞ்சவர்ணம் என்று முழுதாக எழுத அவளுக்கு எப்போதும் நேரம் ஆகும். யாரும் அவசரப்படுத்தவில்லை.


செப்டம்பர் 12, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. வக்கீலம்மா அனுப்பியதை மாமா படித்துப் புரியாமல் என்னிடம் தந்தார். தமிழாக்கிச் சொல்லச் சொல்லி வக்கீலம்மாவிடமே கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். என் பெயரைப் போடாமல் ஓர் எழுத்து மட்டும் போட்டிருக்கிறார்கள்.

காலுக்குக் கொடுத்ததை வெட்டிவிட்டார்கள். வைத்தியம் பார்க்காத டாக்டர் கொடுத்த சான்றிதழைத் தள்ளிவிட்டு, அவரைப் பற்றி விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சேது அண்ணன் இரண்டு நாளாகப் போனை எடுப்பதில்லையாம். மனுவில் கேட்கவில்லை என்பதற்காக நியாயமான இழப்பீட்டை மறுக்க முடியாது என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறார். மற்றக் காயத்துக்கு, போர்டு சொன்ன சதவீதப்படி, தனியாகப் போட்டிருக்கிறார். ஆபரேஷனுக்கு வேண்டியதைப் பேங்கிலிருந்து இப்போதே எடுத்துக்கொள்ளலாம். பதினெட்டு வயதுவரை காத்திருக்க வேண்டாம். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கம்பெனி டெல்லிக்கு அப்பீல் போகுமா என்று மாமா கேட்டார். "போனாப் போகட்டும், நான் இருக்கேன்," என்றார் வக்கீலம்மா.

ஆனால் ஒரு வரி இருக்கிறது. மனுதாரர் நொண்டுவதுபோல் நடித்ததை இந்த நீதிமன்றம் வருத்தத்துடன் பதிவு செய்கிறது. கண்டிக்கிறது என்று எழுதியிருந்தால் பரவாயில்லை. வருத்தத்துடன் என்று எழுதியிருக்கிறார். அந்த வரி என்னைப் பற்றித்தான். அது இனி அழியாது.

சாயங்காலம் அம்மா கைப்பேசியை என் கையில் கொடுத்தாள். "அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அழுதுருவேன்."

அப்பா எடுத்ததும் வழக்கம்போல, "கால் எப்படி இருக்குடா?" என்றார். பின்னால் பேக்கரியின் இரைச்சல்.

"கால் நல்லா இருக்குப்பா. எப்பவோ சரியாயிருச்சு. வலிக்குதுன்னு உங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன். வேற ஒன்னு இருக்கு, அதச் சொல்றேன்."

சொன்னேன். எல்லாம் சொன்னேன். ஆரம்பித்ததிலிருந்து கோர்ட் வராந்தா வரை. அப்பாவிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று மூன்று வருடம் நினைத்திருந்தேன். சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. ரஸ்க் இருக்கிறதா என்று மலையாளத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் கேட்டார்கள், இன்னும் சத்தமாக.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் அப்பா, தமிழிலேயே. "எம்மக பேசிக்கிட்டிருக்கா."